அரை மில்லிமீட்டர் வண்டியில் ஆறு மீட்டர் புழு!



போன மாதச் சுவர் இதழில் நிலாவைப் பற்றி அழகான கட்டுரை வந்தது. நான் எழுதப்போவது ஆட்டுப் புழுக்கையைப் பற்றி. "சீ"ன்னு சொல்லி அடுத்த தாளுக்குப் போயிடாதீங்க. இந்தப் புழுக்கையால எங்க வீட்டில ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கு. அதில் யார் பக்கம் நியாயம் என்று கண்டுபிடிக்கப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

எங்கள் தாத்தாவிடம் முப்பது செம்மறி ஆடுகள் இருக்கின்றன. போன ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒன்பது குட்டி பிறந்தது. தை பிறந்ததும் நான் பட்டி கூட்டும்போது பார்த்தேன். இரண்டு மூன்று குட்டிகளின் புழுக்கையில் சோற்றுப் பருக்கை மாதிரி வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. குச்சியால் தொட்டால் லேசாக நெளிந்தது. தாத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நாடாப்புழு தாயி, மருந்து ஊத்தணும்" என்றார். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் ஒன்பது குட்டிக்கும் அல்பெண்டசோல் மருந்து ஊற்றினோம். அதை நான் நாள்காட்டியில் குறித்து வைத்தேன். (பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் எங்க வீட்டில் நாள்காட்டியில்தான்.)

அடுத்த நாளே ஒரு குட்டியிடமிருந்து நீளமான வெள்ளை நாடா வெளியே வந்தது. அதைக் கல்லில் விரித்து என் ஸ்கேலால் அளந்தேன். முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல், ஏழு தடவை வைத்தேன். இரண்டு மீட்டருக்கு மேல்! அகலம் என் சுண்டுவிரல் அளவு. அம்மா அந்த ஸ்கேலை அடுப்பில் போட்டுவிட்டார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்தோம். மாசி மாதம் பாதியில் மறுபடியும் அதே வெள்ளைப் பருக்கை. நாள்காட்டியை எண்ணிப் பார்த்தேன், நாற்பத்து நான்கு நாள். தாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "போலி மருந்தைக் குடுத்து ஏமாத்திட்டான்" என்று மருந்துக் கடைக்கே போய்ச் சத்தம் போட்டார். கடைக்காரரும் விடவில்லை, "பெரியவரே, அன்னைக்குப் புழு விழுந்துச்சா இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். விழுந்தது உண்மைதானே. தாத்தாவால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம், "நீதான் பள்ளிக்கூடத்துல படிக்கிறியே, கேட்டுட்டு வா" என்றார்.

நான் எங்கள் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். டீச்சர் உடனே பதில் சொல்லவில்லை. "புழு முட்டை எங்கே போகுது, அதை முதல்ல பாரு" என்றார்கள்.

இந்தப் புழுவின் பெயர் மோனீசியா எக்ஸ்பான்சா. மோனியே என்ற பிரெஞ்சு அறிஞரின் பெயரால் 1891-ல் வைத்த பெயர். ஆறு மீட்டர் வரைக்கும் வளரும். நம் வகுப்பறையின் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தலை குண்டூசித் தலை அளவுகூட இருக்காது. அதில் நான்கு உறிஞ்சிகள், கொக்கி கிடையாது. வாயும் கிடையாது, குடலும் கிடையாது. ஆட்டின் குடலுக்குள் கரைந்து கிடக்கும் சத்தைத் தோலாலேயே உறிஞ்சிக்கொள்கிறது. (சமைத்து, செரித்து, கரைத்து வைத்த சாப்பாட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சோம்பேறி என்றால் இதுதான்!) உடம்பு முழுக்கக் கண்டம் கண்டமாக இருக்கும். முதிர்ந்த கண்டங்கள் வால் பக்கத்திலிருந்து கழன்று புழுக்கையோடு வெளியே வருகின்றன. நான் பார்த்த சோற்றுப் பருக்கை அதுதான். ஒவ்வொரு கண்டத்திலும் ஆயிரக்கணக்கில் முட்டைகள்.

சரி, அந்த முட்டை புல்லில் விழுகிறது. அந்தப் புல்லை இன்னொரு குட்டி தின்கிறது. புழு வந்துவிடுகிறது. நானும் இப்படித்தான் நினைத்தேன், தாத்தாவும் அப்படித்தான் நினைத்தார். மருந்து ஊற்றியபிறகு தினமும் பட்டியைக் கூட்டி, புழுக்கையை ஒன்றுவிடாமல் குப்பைக் குழியில் போட்டதெல்லாம் அதனால்தான்.

ஆனால் அது தப்பு! ஒரு குட்டிக்கு இந்த முட்டையை நேராக எவ்வளவு கொடுத்தாலும் புழு வராது. விஞ்ஞானிகள் இதில்தான் ரொம்ப வருடம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார்கள். நாயின் நாடாப்புழு ஒன்று தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவுவது அவர்களுக்குத் தெரியும். அப்படியென்றால் ஆட்டுப் புழுவுக்கும் நடுவில் ஒரு ஆள் இருக்கவேண்டும். அது யார்? 1937-ல்தான் பதில் கிடைத்தது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹொரேஸ் ஸ்டங்கார்டு என்ற பேராசிரியர், மண்ணில் வாழும் ஒரு சின்னஞ்சிறு உயிருக்கு இந்த முட்டைகளைத் தின்னக் கொடுத்துப் பார்த்தார். முட்டைக்குள் இருந்த குஞ்சு அதன் உடம்புக்குள் வளர்ந்தது. நடுவில் இருந்த ஆள் பிடிபட்டார்.

அந்த ஆளின் பெயர் ஒரிபாட்டிட் மைட். தமிழில் சிற்றுண்ணி என்று சொல்லலாம் என்று டீச்சர் சொன்னார்கள். ஆட்டின் காதில் ரத்தம் குடித்துத் தொங்குமே உண்ணி, அதற்குத் தூரத்துச் சொந்தம். 1990-களின் கடைசியில் தென்னைக்கு வந்து தேங்காயை எல்லாம் சொரி பிடிக்க வைத்ததே ஈரியோபைட், அதற்கும் சொந்தம். ஆனால் இது ரத்தமும் குடிக்காது, காயையும் கெடுக்காது. மக்கிய இலை, பூஞ்சைக் காளான், இதுதான் சாப்பாடு. பூச்சி இனமும் இல்லை. எட்டுக் கால், சிலந்தி வகை. பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். வண்டு மாதிரி பழுப்பு நிறத்தில் கெட்டியான ஓடு. சில வகைகள் ஆபத்து வந்தால் காலை உள்ளே இழுத்துக்கொண்டு பெட்டி மாதிரி மூடிக்கொள்ளும்.

இதை நேரில் பார்க்காமல் எழுதக்கூடாது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் ஒரு கருவி செய்தோம். கருவி என்றதும் பயப்படவேண்டாம். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பாதியாக வெட்டி, மேல் பாதியைத் தலைகீழாகக் கீழ்ப் பாதிக்குள் சொருகவேண்டும், புனல் மாதிரி. புனலின் கழுத்தில் கொசுவலைத் துண்டு. அதன்மேல் வேரோடு பெயர்த்த புல்லும் மண்ணும். அடியில் கொஞ்சம் ஸ்பிரிட். மேலே ஒரு குண்டு பல்பு எரியவேண்டும். பல்பின் சூட்டில் மண் மேலிருந்து கீழாகக் காயும். ஈரத்தைத் தேடிக் கீழே கீழே போகிற உயிர்கள் கடைசியில் வலை வழியாக ஸ்பிரிட்டில் விழும். 1905-ல் இத்தாலிக்காரர் பெர்லீஸ் சுடுதண்ணீர் வைத்து இதைச் செய்தார். 1918-ல் சுவீடன்காரர் துல்கிரென் பல்பு வைத்துச் செய்தார். நாங்கள் முதலில் எல்.இ.டி. பல்பைப் போட்டு இரண்டு நாள் வீணாக்கினோம். அது சூடே ஆகாதாம்! அப்புறம் தாத்தா வீட்டுப் பரணில் கிடந்த பழைய 40 வாட்ஸ் குண்டு பல்பு உதவியது.

மூன்றாம் நாள் ஸ்பிரிட்டில் மிளகுப் பொடி தூவினது போல இருந்தது. நுண்ணோக்கியில் வைத்ததும் என் தோழி "ஐயோ, ஆமை!" என்று கத்தினாள். நிஜமாகவே சின்ன ஆமை மாதிரிதான் இருந்தது. கண்மாய்க்கரைப் புல்லடி மண்ணில் முப்பத்தொன்று எண்ணினோம். அறுவடை முடிந்து உழுதுபோட்ட வயலில் அதே அளவு மண் எடுத்தோம், அதில் நான்குதான். ஒரே ஒரு தடவை செய்த சோதனை இது, இதையே பெரிய ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் உழாத பழைய புல்தரையில்தான் இவை அதிகம் என்று புத்தகத்திலும் இருக்கிறது. (நாங்கள் பிடித்தவற்றுக்குள் புழுக்குஞ்சு இருந்ததா என்று கேட்காதீர்கள். டீச்சர் இரண்டை நசுக்கிப் பார்த்தார்கள், ஓடுதான் தெரிந்தது.)

இப்போது கதைக்கு வருவோம். ஆட்டிலிருந்து விழுந்த கண்டம் காய்ந்து உதிர்கிறது. முட்டைகள் மண்ணில் சிதறுகின்றன. மக்கல் தின்றுகொண்டு போகும் சிற்றுண்ணி இந்த முட்டையையும் உடைத்துத் தின்கிறது. முட்டை அதன் உடம்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பெரிசு. நாம் உரித்த தேங்காய் ஒன்றைப் பல்லாலேயே கடித்து உடைத்துத் தின்பது மாதிரி! முட்டைக்குள் ஆறு கொக்கியோடு ஒரு குஞ்சு இருக்கிறது. அது சிற்றுண்ணியின் குடலைத் துளைத்து உடம்புக்குள் போய் உட்காருகிறது. அங்கே வளர்ந்து தயாராக ஒரு மாதம் முதல் நாலு மாதம் வரை ஆகும். வெயில் காலமானால் சீக்கிரம், குளிரானால் தாமதம். பிறகு அந்தச் சிற்றுண்ணியைப் புல்லோடு சேர்த்து ஆடு விழுங்கவேண்டும். வெள்ளாடு எட்டி எட்டித் தழை கடிக்கும். செம்மறி மூக்கைத் தரையில் வைத்து அடிப்புல்லை மேயும். யார் அதிகம் விழுங்குவார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வெள்ளாட்டுக்கு வராது என்று சொல்லவில்லை, அதற்கும் வரும்.

குடலுக்குள் போன குஞ்சு பெரிய புழுவாகி முதல் கண்டத்தை வெளியே தள்ள ஐந்து, ஆறு வாரம் ஆகிறது.

இந்த வரியைப் படித்ததும் நான் நாள்காட்டியை எடுத்தேன். நாற்பத்து நான்கு நாள்! ஆறு வாரமும் இரண்டு நாளும். மருந்து போலி இல்லை. அன்றைக்கு இருந்த புழுவை எல்லாம் அது கொன்றுவிட்டது. நாங்கள்தான் மருந்து ஊற்றின அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ குட்டிகளை அதே கண்மாய்க்கரைக்கு ஓட்டியிருக்கிறோம். அங்கே சிற்றுண்ணிகள் காத்திருந்தன. வயிற்றில் இருக்கும் புழுவைத்தான் மருந்து கொல்லும். மண்ணில் இருப்பதை அது தொடாது. சிற்றுண்ணி ஒரு வருடத்துக்கு மேலேகூட உயிரோடு இருக்கும், உள்ளே இருக்கும் குஞ்சும் அதோடு இருக்கும். அதாவது போன வருடத்துக் குட்டி போட்ட புழுக்கை இந்த வருடத்துக் குட்டிக்கு வினையாக வரலாம். பட்டியை மட்டும் கூட்டி என்ன பயன்?

இதைத் தாத்தாவிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது. கடைக்காரரிடம் சத்தம் போட்டது தப்பு என்று சொல்லவேண்டுமே. ராத்திரி சாப்பிட்டபிறகு மெதுவாகச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. "கண்ணுக்கே தெரியாத பூச்சிக்குள்ள ஒரு பாகம் புழுவா?" என்று சிரித்தார். அடுத்த நாள் பள்ளிக்கு வரச்சொல்லி நுண்ணோக்கியில் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், "இது எப்ப புல்லுல ஏறும்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி என்று டீச்சர் பாராட்டினார்கள். சிற்றுண்ணிக்கு ஈரமும் நிழலும் வேண்டும். விடியற்காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் புல்லின் மேல் ஏறி வரும். வெயில் ஏறினால் மண்ணுக்குள் இறங்கிவிடும். டீச்சர் சொல்லி முடிப்பதற்குள் தாத்தா, "அதானே! பனிப்புல்லுல குட்டிய விடாதேன்னு எங்கய்யா சொல்லுவாரு, பனி உணந்த பொறவுதான் பட்டியத் தெறக்கணும்னு" என்றார். அப்படியென்றால் இந்த வருடம் ஏன் விடிஞ்சதும் ஓட்டினீங்க என்று நான் கேட்டேன். பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். காலையிலேயே ஓட்டிவிட்டால் பத்து மணிக்குமேல் வேறு வேலைக்குப் போகலாம். மாமா வெளியூர் போனதிலிருந்து தாத்தா ஒற்றை ஆள்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் சிற்றுண்ணிக்கு நான் அநியாயம் செய்தவளாகிவிடுவேன். பங்குனியில் ஒரு குட்டி செத்துப்போனது. தாத்தா பிரியமாக வளர்த்த கிடாக்குட்டி. நாடாப்புழுதான் கொன்றுவிட்டது என்று எல்லோரும் சொன்னோம். கால்நடை டாக்டர் வந்தார். செத்த குட்டியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். அப்புறம் உயிரோடிருந்த மற்றக் குட்டிகளுக்கும் பார்த்தார். நன்றாக இருக்கும் குட்டிக்கு இமைக்குள் சிவப்பாக இருக்கவேண்டும். நாலு குட்டிக்குச் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. "பெரியவரே, இது நாடாப்புழு வேலை இல்லை. ரத்தம் குடிக்கிற உருளைப்புழு" என்றார். அதன் பெயர் ஹீமான்கஸ். ஆட்டின் நாலாவது இரைப்பையில் இருக்கும். நூல் மாதிரி ஓர் அங்குலம்தான். ஒரு புழு ஒரு நாளைக்கு 0.05 மில்லி ரத்தம் குடிக்குமாம். ரொம்பக் குறைவு என்று நினைக்காதீர்கள். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. ஒரு குட்டிக்கு அது தாங்குமா? இதற்குச் சிற்றுண்ணி தேவையில்லை, குஞ்சு நேராகவே புல்லின்மேல் ஏறி வந்துவிடும்.

நாடாப்புழு பெரிசு, வெள்ளை, வெளியே வந்து விழுகிறது. அதனால் எல்லாப் பழியும் அதன் மேல் விழுகிறது. ஹீமான்கஸின் முட்டையை நுண்ணோக்கி இல்லாமல் பார்க்க முடியாது. நாடாப்புழுவும் நல்ல பிள்ளை கிடையாது. நிறைய இருந்தால் குடலை அடைத்துக்கொள்ளும், கழிச்சல் வரும், குட்டி தேறாது. ஆனால் ஒன்றிரண்டு புழுவால் எடை குறைகிறதா இல்லையா என்று ஆராய்ச்சியாளர்களே இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு மூன்று மாதத்தில் புழு பெரும்பாலும் தானாகவே வெளியே போய்விடும். ஆறு மாதம் தாண்டிய ஆட்டுக்கு எதிர்ப்புச் சக்தியும் வந்துவிடும். எங்கள் தாய் ஆடுகளும் அதே கரையில்தான் மேய்கின்றன, அவற்றின் புழுக்கையில் நான் ஒரு பருக்கையும் பார்த்ததில்லை. வெள்ளைப் பருக்கையைப் பார்த்ததும் நாங்கள் அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்கு ஒரு டப்பாவில் புழுக்கையைக் கொண்டுபோயிருந்தால், மற்றப் புழு முட்டையும் தெரிந்திருக்கும். அந்தக் கிடாக்குட்டி பிழைத்திருக்கலாம். இது எங்கள் வீட்டுத் தப்பு.

மருந்து வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். ஐவர்மெக்டின் உருளைப்புழுவுக்குக் கேட்கும், நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. நாடாப்புழுவுக்கு அல்பெண்டசோல், பென்பெண்டசோல், பிராசிகுவாண்டல் போன்றவை. அளவை எடை பார்த்து டாக்டர் சொல்லட்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி ஊத்தாதீங்க.

"அப்ப மண்ணுல மருந்தடிச்சு அந்தச் சிற்றுண்ணிய ஒழிச்சிட்டா?" என்று என் வகுப்பில் ஒருவன் கேட்டான். முடியவே முடியாது. காட்டு மண்ணில் ஒரு சதுர மீட்டரில் பல்லாயிரக்கணக்கில் இருக்கும். சுமார் 38 கோடி வருடத்துக்கு முந்தைய பாறையிலேயே இவற்றின் புதைபடிவம் கிடைத்திருக்கிறது. அப்போது ஆடும் கிடையாது, நாமும் கிடையாது, புல்லே கிடையாது! உதிர்ந்த இலையைக் கடித்துத் துகளாக்கி, மக்க வைத்து, மண்ணைச் சத்தாக்குவதில் இவற்றுக்குப் பெரிய பங்கு. இதை ஒழித்தால் அந்தப் புல்லும் வராது. அது பாட்டுக்கு மக்கல் தின்றுகொண்டு போகிறது. அதன் சாப்பாட்டில் நம் ஆடு முட்டையைப் போட்டுவிட்டது. புழு ஏறி உட்கார்ந்துகொண்டது. வண்டிக்காரன் மேல் கேஸ் போடுவதா?

இன்னொரு தோழி கேட்டது: "ஆட்டுக்கறி தின்னா நமக்கு இந்தப் புழு வருமா?" வராது. இது கறியில் இருப்பதில்லை, குடலுக்குள்தான். மனிதர்களுக்கு வரும் நாடாப்புழுக்கள் வேறு. சரியாக வேகாத மாட்டுக்கறி, பன்றிக்கறியிலிருந்து வருபவை அவை. ஆனால் ஆடு அறுத்த இடத்தில் ஈரல், நுரையீரலில் நீர்க்கட்டி இருந்தால் அதை மட்டும் நாய்க்குப் போடவே கூடாது. அது வேறொரு நாடாப்புழுவின் கட்டி. நாய் வழியாக நமக்கே ஆபத்தாக வரும். அதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும், இங்கே தாள் பத்தாது.

இப்போது எங்கள் வீட்டில் என்ன செய்கிறோம்? வெயில் ஏறிப் பனி உணர்ந்தபிறகு, எட்டரை மணிக்குத்தான் குட்டிப்பட்டியைத் திறக்கிறோம். அதுவரை பட்டிக்குள்ளேயே அகத்தி, வேலித் தழை கட்டித் தொங்கவிடுகிறோம். அதை நான் பள்ளிக்கு வருமுன் கட்டிவிட்டு வருகிறேன். (காலை வழிபாட்டுக்கு நான் தாமதமாக வந்த நாட்களுக்கு இதுதான் காரணம், உடற்கல்வி சார் மன்னிக்கவும்.) குட்டிகளைப் பழைய கண்மாய்க்கரைக்கு ஓட்டாமல், உழுது விதைத்து அறுத்த காட்டுத் தட்டைக்கு ஓட்டுகிறோம். பெரிய ஆடுகள்தான் கரையில் மேய்கின்றன. நாடாப்புழு சுத்தமாக ஒழிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். போன வாரம்கூட ஒரு குட்டியிடம் இரண்டு பருக்கை பார்த்தேன். இமையைப் பார்த்தேன், சிவப்பாக இருந்தது. தாத்தாவும் பார்த்துவிட்டு, "இருக்கட்டும் தாயி" என்றார்.

மருந்துக் கடைக்காரரிடம் தாத்தா நேராக மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் போன சந்தை நாளில் அவர் கடையில் உட்கார்ந்து டீ குடித்ததை நான் பார்த்தேன்.

பாட்டில் புனல் ஆய்வகத்தில் இரண்டாவது அலமாரியில் இருக்கிறது. ஆடு வளர்ப்பவர்கள் அவரவர் மேய்ச்சல் இடத்திலிருந்து ஒரு கை மண்ணும் புல்லும், உழுத வயலிலிருந்து ஒரு கை மண்ணும் தனித்தனிப் பையில், இடத்தின் பெயரை எழுதிக் கொண்டுவாருங்கள். எண்ணிப் பார்ப்போம். தாளின் ஓரத்தில் பழுப்பு ஸ்கெட்ச் பேனாவில் வரைந்திருப்பது நிலக்கடலை இல்லை, சிற்றுண்ணி. கால் எட்டு இருக்கிறதா என்று எண்ணிவிட்டுப் போங்கள். ஒன்று குறைந்தால் என் தோழியிடம் சொல்லுங்கள், வரைந்தது அவள்தான்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி